வியர்வைக்கும் சாதி உண்டு: பத்து ரூபாய் ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கும் நம் தண்ணீர் உரிமையும்

பெட்டிக்கடை ஃபிரிட்ஜைச் சமீப காலமாகக் கவனித்திருப்பீர்கள். கோலாவும் கலரும் மட்டும் இருந்த தட்டுகளில் இப்போது 'எலக்ட்ரோலைட்', 'ஹைட்ரேஷன்', 'எனர்ஜி' என்று எழுதிய பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. ஜிம்முக்கும் டென்னிஸ் கோர்ட்டுக்கும் போகிறவர்களுக்காகப் பெரிய கடைகளில் விற்ற சரக்கு இன்று காலனி முனைக்கு வந்துவிட்டது. 2025 தொடக்கத்தில் ரிலையன்ஸ் நிறுவனம், கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனைச் சேர்த்துக்கொண்டு 'ஸ்பின்னர்' என்ற ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கைப் பத்து ரூபாய்க்கு இறக்கியது. ஒரு பாட்டில் 150 மில்லி. கணக்குப் போட்டால் லிட்டர் 66 ரூபாய்க்கு மேல் வருகிறது. ஆவின் நீலப் பாக்கெட் பாலே லிட்டர் 40 ரூபாய்தான்.

ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து ஒரு ரூபாய்க்குக் கொண்டுவந்து கிராமத்துச் சந்தையைப் பிடித்த அதே உத்திதான் இது. வாங்குகிறவரின் கையில் ஒரு நாளைக்கு எவ்வளவு காசு புரளும் என்று பார்த்து, அதற்கேற்ற அளவில் பாட்டிலைச் சின்னதாக்குகிறார்கள். தினக்கூலிக்காரர் லிட்டர் கணக்கு பார்க்க மாட்டார், பத்து ரூபாய் நாணயத்தைத்தான் பார்ப்பார் என்பது நிறுவனங்களுக்கு நன்றாகவே தெரியும்.

"குடித்தால் என்ன தோழர், இதிலும் அரசியலா?" என்று கேட்கலாம். தண்ணீரில் அரசியல் இல்லாத ஒரு நாளைக்கூட நம் மக்கள் இந்த மண்ணில் பார்த்ததில்லை. அதனால் தண்ணீரின் பெயரால் எது விற்கப்பட்டாலும், அதைப் பிரித்துப் படிக்கும் கடமை நமக்கு இருக்கிறது.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

முதலில் அறிவியலைச் சரியாகத் தெரிந்துகொள்வோம். கடையில் ஒரே தட்டில் நிற்கும் பாட்டில்களில் இரண்டு வெவ்வேறு சரக்குகள் இருக்கின்றன.

ஒன்று ஸ்போர்ட்ஸ் டிரிங்க். தண்ணீர், சர்க்கரை, கொஞ்சம் உப்பு, கலர், வாசனை. இதன் மூத்த பிள்ளை கேட்டரேட். 1965ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில், வெயிலில் சுருண்டு விழுந்த கால்பந்து வீரர்களுக்காக ராபர்ட் கேட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் கலக்கியது அது. ஒரு பல்கலைக்கழக அணிக்காகக் கலக்கிய பானம் கை மாறிக் கை மாறி, 2001ல் பெப்சிகோவின் சொத்தாகிவிட்டது.

இன்னொன்று எனர்ஜி டிரிங்க். 20 ரூபாய்க்கு விற்கும் ஸ்டிங் போன்றவை இந்த வகை. இதில் சர்க்கரையோடு காஃபின் இருக்கிறது. குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் குடிக்கப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று பாட்டிலிலேயே எழுத வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. எழுதியிருக்கிறார்கள், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். பள்ளிக்கூட வாசலில் எட்டாம் வகுப்புப் பையன் அதைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறான். வெயிலில் இழந்த நீரை ஈடுகட்ட இந்தப் பானம் உண்டாக்கப்படவே இல்லை. சுறுசுறுப்பு வந்தது போன்ற உணர்வைக் காஃபின் தரும், அவ்வளவுதான்.

ஸ்போர்ட்ஸ் டிரிங்க் முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடுகிறவருக்கு, சைக்கிள் மிதிக்கிறவருக்கு சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீர் உதவும். ஆனால் நம் பையன்களும் பெண்களும் விளையாடுவது என்ன? கபடி ஆட்டம் இருபது இருபது நிமிடமாக மொத்தம் 40 நிமிடம். காவலர் தேர்வுக்கு ஆண்கள் ஓட வேண்டியது 1500 மீட்டர், 7 நிமிடத்துக்குள். இதற்கெல்லாம் நல்ல தண்ணீரும் வயிறார ஒரு வேளைச் சாப்பாடும் போதும். வயிற்றில் சரியான சாப்பாடு இல்லாமல் ஓட வருகிற பிள்ளைக்கு எந்த பாட்டிலும் அதை ஈடுகட்டித் தராது.

விளம்பரங்கள் என்ன சொல்கின்றன, ஆதாரம் என்ன சொல்கிறது என்று 2012ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒரு விசாரணை நடத்தியது. அதையொட்டி ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 104 விளையாட்டுப் பொருட்களின் விளம்பரங்களை எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். "இதைப் பயன்படுத்தினால் திறன் கூடும்" என்ற வகையில் 431 வாக்குறுதிகள் அவற்றில் இருந்தன. அவற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டு, மதிப்பிட முடிந்த 74 ஆய்வுகளில் தரமானவை என்று தேறியவை மூன்றே மூன்று.

இப்போது சர்க்கரைக்கு வருவோம். கேட்டரேடில் லிட்டருக்குச் சுமார் 60 கிராம் சர்க்கரை இருக்கிறது. அரை லிட்டர் குடித்தால் 30 கிராம். பெரியவர் ஒருவர் நாள் முழுக்கச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 25 கிராம் அளவில் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சர்க்கரை நோய் பணக்காரர்களின் நோய் என்று சொன்ன காலம் மலையேறிவிட்டது. இன்று நம் காலனிகளில் நாற்பது வயதில் கால் விரல் எடுக்கப்பட்டவர்களைப் பார்க்கிறோம்.

ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் திருடிய கதை

இந்தச் சந்தையின் குணத்தைப் புரிந்துகொள்ள ஓ.ஆர்.எஸ். கதையை விட நல்ல பாடம் கிடையாது.

1971. வங்கதேசப் போர். எல்லை தாண்டி வந்த லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்தின் முகாம்களில் அடைந்து கிடந்தார்கள். அவர்களில் நாமசூத்திரர் போன்ற தலித் மக்கள் கணிசமானவர்கள். காலரா பரவியது. பன்காவ் முகாமில் நரம்பு வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பையும் குளுக்கோஸையும் சோடா உப்பையும் சரியான அளவில் தண்ணீரில் கலந்து டிரம்களில் வைத்தார். உறவினர்களே மொண்டு நோயாளிக்குக் கொடுத்தார்கள். நூற்றுக்கு முப்பது என்ற அளவில் இருந்த சாவு, அந்தக் கரைசலைக் குடித்தவர்களிடம் நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. பிறகு உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றிய மருந்து அது. விலை அற்பம். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய அளவு இதுதான்: ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். மொத்தம் 20.5 கிராம். கேட்டரேடோடு ஒப்பிட்டால், ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கில் சர்க்கரை நாலு மடங்குக்கு மேல், சோடியம் ஏறக்குறைய கால் பங்கு. வயிற்றுப்போக்கில் இருக்கும் குழந்தைக்குச் சர்க்கரை மிகுந்த பானத்தைக் கொடுத்தால், அந்தச் சர்க்கரை குடலுக்குள் மேலும் நீரை இழுக்கும். பேதி கூடும். மருந்தென்று நினைத்துக் கொடுப்பது நோயை வளர்க்கும்.

இந்த நாட்டில் என்ன நடந்தது? சர்க்கரை மிகுந்த பழச்சுவைப் பானங்களை, பெயரிலேயே 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளைச் சேர்த்து, மருந்துக்கடைகளில், மருத்துவமனை வாசல்களில் பல ஆண்டுகள் விற்றார்கள். 2022லும் 2024லும் வந்த உத்தரவுகளில், "இது உலக சுகாதார நிறுவனம் சொன்ன ஓ.ஆர்.எஸ். அல்ல" என்று ஒரு வரி போட்டுக்கொண்டு அந்தப் பெயரைத் தொடரலாம் என உணவுப் பாதுகாப்பு ஆணையமே அனுமதித்தது. ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் இதை எதிர்த்து எழுதினார், வீடியோ போட்டார், நீதிமன்றம் போனார். கடைசியில் 2025 அக்டோபர் 14 அன்று ஆணையம் அந்த அனுமதிகளைத் திரும்பப் பெற்றது. நிறுவனங்கள் டெல்லி உயர்நீதிமன்றத்துக்கு ஓடின. அவற்றில் ஒன்றின் மனு அந்த மாதக் கடைசியில் தள்ளுபடியானது.

இதில் ஏமாந்தவர்கள் யார் என்று யோசியுங்கள். ஆங்கிலம் படித்த வீட்டில் லேபிளைத் திருப்பிப் பார்க்க ஒருவராவது இருப்பார், போனில் கேட்க ஒரு டாக்டர் உறவுக்காரர் இருப்பார். இரவு பதினொரு மணிக்குப் பேதியில் துவளும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடும் காலனிப் பெண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், நர்ஸ் அக்கா சொல்லிக்கொடுத்த 'ஓ.ஆர்.எஸ்.' என்ற மூன்று எழுத்துதான். பொதுச் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி நாற்பது ஐம்பது ஆண்டுகளில் சம்பாதித்த நம்பிக்கை அந்த மூன்று எழுத்தில் இருந்தது. அந்த நம்பிக்கையைத்தான் சந்தை லாபமாக மாற்றியது.

யாருடைய வியர்வை?

ஸ்போர்ட்ஸ் டிரிங்க் விளம்பரத்தில் வரும் வியர்வையைப் பாருங்கள். அது மினுமினுக்கிறது. கேமரா கிட்டே போய்க் காட்டுகிறது. அது ஒருவர் தானே விரும்பி, காசு கொடுத்து, குளிர்சாதன ஜிம்மில் வரவழைத்துக்கொண்ட வியர்வை. அதற்கு மதிப்பு உண்டு.

இந்த நாட்டில் அதிகமாக வியர்ப்பவர்கள் வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பட்டியல் சாதித் தொழிலாளர்களில் ஏறக்குறைய 46 சதவீதம் பேர் விவசாயக் கூலிகள். செங்கல் சூளை, கரும்பு வெட்டு, சாலைத் தார், கட்டடம், குப்பை வண்டி, சாக்கடை என்று எல்லாம் வெயிலில் நடக்கும் வேலை, அல்லது காற்றே இல்லாத குழிக்குள் நடக்கும் வேலை. யார் நிழலில் உட்கார வேண்டும், யார் வெயிலில் நிற்க வேண்டும் என்பதைச் சாதி ஏற்கெனவே பிரித்து வைத்துவிட்டது. அந்த வியர்வை நாற்றம் என்று சொல்லப்படும். அதற்குக் கேமரா கிட்டே வராது.

தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் உப்பளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயில், கீழே உப்பின் வெள்ளையிலிருந்து எழும் வெக்கை. நிலமற்ற குடும்பத்துப் பெண்கள் அங்கே உப்பு வாருகிறார்கள், தலித் பெண்கள் அவர்களில் ஏராளம். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வுகள், வெப்பமும் நீரிழப்பும் அவர்களின் சிறுநீரகங்களை எப்படிப் பாதிக்கின்றன என்பதைப் பதிவு செய்திருக்கின்றன. நாட்டுக்கே உப்பு கொடுப்பவர்களின் உடம்பிலிருந்து உப்பும் நீரும் வடிந்துபோகின்றன.

அங்கே ஒரு பெண்ணிடம் பத்து ரூபாய் எலக்ட்ரோலைட் பாட்டிலை நீட்டினால் என்ன ஆகும்? அவர் குடிக்க மாட்டார். தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டிருப்பவர் அவர். ஏனென்றால் வெட்ட வெளியில் கழிப்பறை கிடையாது. குடித்தால் சிறுநீர் கழிக்க வேண்டும், மறைவிடம் இல்லை. காலை ஐந்து மணிக்கு வீதி கூட்டக் கிளம்பும் தூய்மைப் பணியாளர் அக்காவுக்கும் இதே நிலைதான். தாகத்தைத் தீர்க்கத் தண்ணீர் வேண்டும், குடித்த தண்ணீரைக் கழிக்கக் கழிப்பறை வேண்டும், உட்கார நிழல் வேண்டும், உட்கார்ந்தால் கூலி வெட்டாத முதலாளி வேண்டும். இந்த நாலில் எதையும் பாட்டிலில் அடைக்க முடியாது.

சட்டத்தில் இவை இல்லையா? இருக்கின்றன. 1948 தொழிற்சாலைச் சட்டம் குடிநீரைக் கட்டாயமாக்கியது, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கோடையில் குளிர்ந்த நீரே தர வேண்டும் என்றது. 1996 கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தில் குடிநீரும் கழிப்பறையும் இருந்தன. 2005 நூறு நாள் வேலைச் சட்டத்தின் அட்டவணையில் பாதுகாப்பான குடிநீர், நிழல், ஓய்வு, முதலுதவிப் பெட்டி எல்லாம் எழுதப்பட்டன. பழைய சட்டங்களுக்குப் பதிலாக 2020ல் இயற்றிய தொழிலாளர் தொகுப்பிலும் குடிநீர் இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. செத்தால் 4 லட்சம் என்று சொல்லத் தெரிந்த அரசுக்கு, சாகாமல் இருக்க வேலைத்தளத்தில் ஒரு குடம் தண்ணீரை உறுதி செய்யத் தெரிய வேண்டாமா?

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலும் உட்கார்ந்தது நினைவிருக்கும். அவர்கள் கேட்டது, தனியாருக்குக் கொடுக்காதே, வேலையை நிரந்தரமாக்கு என்பது. நள்ளிரவில் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்திய பிறகு அரசு அறிவித்த திட்டங்களில் முதலில் பேசப்பட்டது இலவசக் காலை உணவு. உணவு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் உரிமையைக் கேட்டால் பொட்டலம் வருகிறது. சந்தையும் இதையேதான் செய்கிறது. தண்ணீர் கேட்டால் பாட்டில் வருகிறது.

பாலூவின் மண் குவளை

விளையாட்டு மைதானத்தில் குடிக்கும் பானத்துக்கு இந்தியாவில் ஒரு பழைய வரலாறு இருக்கிறது. பல்வங்கர் பாலூ. புனேயில் சமார் குடும்பத்திலிருந்து வந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். 1911ல் இங்கிலாந்து சென்ற முதல் அகில இந்திய அணியில் நூறுக்கு மேல் விக்கெட் எடுத்தவர். புனேயில் இந்துக்களின் அணிக்கு அவர் பந்து தேவைப்பட்டது. மைதானத்தில் அவர் வீசிய பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்தால் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடித்தார்கள். பாலூவுக்கு வெளியே, தூக்கி எறியும் மண் குவளையில் ஊற்றினார்கள்.

அவருடைய வியர்வை அணிக்கு வேண்டும், அவருடைய உதடு பட்ட கோப்பை வேண்டாம். இந்த ஒற்றை விதி மாறிவிட்டதா? 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய மகளிர் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்றபோது, வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் சாதியைச் சொல்லிப் பட்டாசு வெடித்தார்கள். பதக்கம் வரும்வரை நாட்டின் மகள், தோற்றால் சாதி. நம் விளையாட்டுப் பிள்ளைகளின் படத்தைப் போட்டு ஒரு நிறுவனம் பானம் விற்க முன்வந்தால் கைதட்டுவதற்கு முன்னால், அந்தப் பிள்ளைகள் பயிற்சி எடுக்கும் மைதானத்தில் குடிநீர்க் குழாய் இருக்கிறதா என்று கேட்போம்.

மூடி போட்ட பாட்டிலின் கவர்ச்சி

இனி கொஞ்சம் கடினமான இடத்துக்கு வருகிறேன். நம் இளைஞர்கள் இந்த பாட்டிலை ஏன் விரும்புகிறார்கள்? விளம்பர மயக்கம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது அவர்களை முட்டாளாக்குவது.

மூடி போட்ட பாட்டிலுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. இரட்டைக் குவளை இருந்த டீக்கடைக்கு வெளியே சிரட்டையில் குடித்த தாத்தாவின் பேரன், காசை நீட்டி, எல்லாரும் வாங்கும் அதே பாட்டிலை வாங்கி, அங்கேயே நின்று திறந்து குடிக்கிறான். யாரும் மேலிருந்து ஊற்றவில்லை. யாரும் தனிக் குவளையைத் தேடவில்லை. அந்தச் சில நொடிகளின் நிமிர்வு பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை நான் கேலி செய்ய மாட்டேன்.

சந்திரபான் பிரசாத் போன்ற தலித் சிந்தனையாளர்கள் இதை ஒரு வாதமாகவே வைத்தார்கள். சந்தை வந்தால் சாதி தளரும் என்றார்கள். அவரும் சேர்ந்து உத்தரப் பிரதேசத்தின் இரண்டு வட்டாரங்களில் நடத்திய கணக்கெடுப்பு 2010ல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வந்தது. தலித் வீடுகளில் பற்பசையும் ஷாம்புவும் பெருகியதையும், விருந்துகளில் தனிப் பந்தி குறைந்ததையும், தலித் வீட்டில் தண்ணீர் குடிக்கும் பிற சாதியினர் கூடியதையும் அது சொன்னது. இந்த மாற்றங்களை மறுக்க வேண்டியதில்லை. பண்ணையாரின் முற்றத்தைவிடக் கடைவீதி மேல் என்பது நம் அனுபவமும்தான்.

ஆனால் பாட்டிலுக்குச் சாதி தெரியாவிட்டாலும் கடைக்காரருக்குத் தெரியும். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் என்ன நடந்தது? தின்பண்டம் வாங்க வந்த தலித் குழந்தைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குத் தர முடியாது என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அதை வீடியோவாகவும் பரப்பினார்கள். குழந்தைகளின் கையில் காசு இருந்தது. கடையில் பண்டம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் சாதி நின்றது.

இன்னொரு காட்சி நமக்கெல்லாம் பழக்கம். தேர்தல் நேரத்தில் சேரிக்கு வரும் பிரமுகர் நம் வீட்டுத் திண்ணையில் உட்காருவார். சொம்பில் தண்ணீர் கொடுத்தால் கை நீளாது. உடன் வந்தவர் வண்டியிலிருந்து பாட்டில் எடுத்து வருவார். இல்லாவிட்டால் நாமே கடைக்கு ஓடிக் கூல்டிரிங்க்ஸ் வாங்கி வருவோம். அவருக்கும் சங்கடம் இல்லை, நமக்கும் சங்கடம் இல்லை. தீண்டாமை அப்படியே இருக்க, அதைக் கண்ணில் படாமல் செய்கிறது அந்த மூடி. நம்மைக் குவளையிலிருந்து விடுவித்த அதே பாட்டில், நம் சொம்பைத் தொடாமலிருக்கும் வசதியை அவருக்கும் கொடுக்கிறது.

'நம்ம நீராகாரம்' என்பவர்களுக்கு

இந்தப் பக்கம் சந்தை என்றால் அந்தப் பக்கம் மரபுக் காதலர்கள். "வெளிநாட்டுச் சர்க்கரைத் தண்ணீர் எதற்கு? நம் முன்னோர் நீராகாரம் குடித்தார்கள், கம்பங்கூழ் குடித்தார்கள், வெயிலில் நாள் முழுக்க உழைத்தார்கள்" என்று மேடை தோறும் சொல்கிறார்கள். நீராகாரம் நல்லதுதான். மோரில் உப்புப் போட்டுக் குடித்தால் இந்த பாட்டில்களைவிட நல்லதுதான்.

ஆனால் யாருடைய முன்னோர், எதில் குடித்தார்கள்? பண்ணை வேலைக்குப் போன நம் பாட்டிகளுக்கு அந்தக் கஞ்சியைப் பனை ஓலைப் பட்டையில் ஊற்றினார்கள், குனிந்து ஏந்திய கைகளில் ஊற்றினார்கள், களத்துமேட்டில் தள்ளி நிற்க வைத்து ஊற்றினார்கள். அந்தக் கஞ்சியின் ருசியை எழுதுபவர்கள் அந்தப் பட்டையைப் பற்றியும் எழுதட்டும். பழைய பானத்தை எடுத்துக்கொள்ளலாம். அது ஊற்றப்பட்ட விதத்தை மறைக்கும் பழம்பெருமையை எடுத்துக்கொள்ள முடியாது.

பாட்டிலின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பாட்டிலுக்குள் இருக்கும் தண்ணீரும் எங்கோ ஓர் ஊருடையது. கேரளத்தின் பிளாச்சிமடையில் 2000ல் தொடங்கிய கோகோ கோலா ஆலை 2004ல் மூடப்பட்டது. தங்கள் கிணறு கெட்டுப்போனதை எதிர்த்து ஆதிவாசிப் பெண்கள் வாசலில் உட்கார்ந்ததால் அது நடந்தது, மயிலம்மா அவர்களின் முகமானார். நம் தாமிரபரணியில், கங்கைகொண்டான் சிப்காட்டிலிருந்து குளிர்பான ஆலைகளுக்குத் தண்ணீர் கொடுப்பதை 2016 நவம்பரில் மதுரைக் கிளை இடைக்காலமாகத் தடுத்தது. 2017 மார்ச்சில் அந்தத் தடை விலகியது. அந்த வழக்கில் சொல்லப்பட்ட விலை ஆயிரம் லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு. மலிவாக ஆற்றிலிருந்து எடுத்த நீர் சர்க்கரை கலந்து, லிட்டர் பல பத்து ரூபாயாக, காலனிக்குத் திரும்பி வருகிறது. காலனியின் குழாயிலோ வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர்.

குழாயில் வந்தாலும் அது பாதுகாப்பானதா? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது வெளியே வந்தது. அந்தச் செய்தியைக் கேட்ட பிறகு எந்தத் தாய்க்கும் மூடி போட்ட பாட்டில்தான் பத்திரம் என்று தோன்றும். பொதுத் தண்ணீரின் மீது நம் மக்களுக்கு ஏற்படும் பயம்தான் பாட்டில் நிறுவனத்தின் சந்தை. அந்தப் பயத்தைப் போக்க வேண்டிய பொறுப்பு அரசுடையது.

நாம் செய்ய வேண்டியது

குடிக்காதே என்று யாருக்கும் தடை போடுவது நம் வேலை இல்லை. நம்மிடம் ஏற்கெனவே போதுமான பேர் போதுமான தடைகளைப் போட்டுவிட்டார்கள். செய்யக்கூடியவை வேறு சில இருக்கின்றன.

ஒன்று, லேபிளைப் படிக்கப் பழகுவோம், பழக்குவோம். அடுத்த முறை இரவுப் பாடசாலையிலோ படிப்பு வட்டத்திலோ மூன்று பாட்டில்களை வைத்துக்கொண்டு சர்க்கரையைக் கிராமில் கணக்கிட்டுக் காட்டுங்கள். நூறு மில்லிக்கு எழுதியிருப்பதை முழு பாட்டிலுக்குப் பெருக்கச் சொல்லுங்கள்.

இரண்டு, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம் என்பதை ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லுங்கள். பாக்கெட் கையில் இல்லாத அவசரத்துக்கு, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. இதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம். குழந்தை சோர்ந்தால் உடனே மருத்துவமனை.

மூன்று, வேலைத்தளத்தில் தண்ணீர், நிழல், கழிப்பறை, ஓய்வு. உங்கள் ஊராட்சியில், நகராட்சியில் தூய்மைப் பணியாளர்களுக்கு இவை எங்கே, எத்தனை இருக்கின்றன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம், அந்த பாட்டிலின் அதே விலை.

நான்கு, பொதுத் தண்ணீரை மறுப்பதும் கெடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாவது பிரிவில் குற்றம். அரசமைப்புச் சட்டத்தின் 15வது பிரிவு கிணறுகளையும் குளங்களையும் பெயர் சொல்லிப் பேசுகிறது. இதை மனப்பாடமாக வைத்திருங்கள். புகார் எழுதும்போது தேவைப்படும்.

1927 மார்ச் 20 அன்று மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் சவதார் குளத்தில் இறங்கிக் கையால் அள்ளிக் குடித்தார். அதற்கு முன்பு அந்தத் தண்ணீரைக் குடிக்காததால் யாரும் சாகவில்லை, குடித்ததால் யாரும் அமரர் ஆகிவிடப் போவதுமில்லை. தாகத்துக்காக மட்டும் அந்தக் குளத்துக்கு ஆயிரக்கணக்கானோர் நடந்து போகவில்லை. பொதுவானது எங்களுக்கும் பொது என்று நிறுவப் போனார்கள். அவர்கள் போன பிறகு ஆதிக்கச் சாதியினர் அந்தக் குளத்தில் பஞ்சகவ்யம் ஊற்றித் 'தூய்மை' செய்தார்கள்.

தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் கிராம சபை கூட்ட வேண்டும் என்று அரசே ஆணையிட்டிருக்கிறது. மகாத் நாளுக்கு இரண்டே நாள் கழித்து. பெரும்பாலான ஊர்களில் அன்று நம் ஆட்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். இந்த முறை 20ஆம் தேதி காலனியில் கூடுங்கள். எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை, எந்தத் தொட்டி கழுவி எத்தனை மாதமானது, எந்த மைதானத்தில் குடிநீர் இல்லை, எந்த வேலைத்தளத்தில் கழிப்பறை இல்லை என்று எழுதி எடுங்கள். 22ஆம் தேதி முன்வரிசையில் உட்கார்ந்து அதைத் தீர்மானமாக்கக் கேளுங்கள். மறுத்தால், மறுத்ததையும் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். பதியவில்லையென்றால் அடுத்த நாளே மாவட்ட ஆட்சியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

ஜெய் பீம்.